நிறுத்திவைத்த பேச்சு

"அம்மா, இன்று எனக்குப் பசி குறைவாக இருக்கிறது. உப்புமா நன்றாக இருந்தது. நன்றி."

ஒன்பது வயதுப் பிள்ளை காலைச் சாப்பாட்டில் இப்படிப் பேசினால், வேறு எந்த வீட்டிலும் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். தவசிங் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஜெமிமா மூன்று வருடத்துக்கு மேலாக இப்படித்தான் பேசுகிறாள். பேசியது அவள் வாயல்ல, கழுத்தில் கட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டை. பிறந்தபோது மூச்சு முட்டியதில் அவளுக்கு நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காமல் போய்விட்டன. காது கேட்கும், ஓடுவாள், கணக்குப் போடுவாள். பேச்சு மட்டும் ஆறாவது வயதில், இந்தப் பட்டை வந்த பிறகுதான் வந்தது.

மேசைக்கு அடியில் தவசிங்கின் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவருக்கு வாயிலிருந்த காப்பி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

"என்ன சிரிப்பு அங்க?" என்றாள் அவர் மனைவி பியூலா.

"ஒண்ணுமில்ல. ஹார்பர் கிரேன்ல கூட வேல பாக்குற பய ஒருத்தன் அனுப்பியிருக்கான்."

"காலங்காத்தால அவனுக்கு வேற சோலி இல்லையாக்கும்."

ஜெமிமா மிச்ச உப்புமாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பியூலா மருத்துவமனையில் விடுப்புச் சொல்லியிருந்தாள். பதினாறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவள். விடுப்பு எடுத்தால் அது காய்ச்சலுக்கு, இல்லையென்றால் ஜெமிக்கு.

நிலையத்தில் ஜெமிமா மற்றப் பிள்ளைகளோடு கேரம் விளையாட அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பயிற்சியாளர் நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை ஜெமிக்குப் பத்து வயசு முடியுது. விதிப்படி அன்னைக்குப் பட்டையோட சாவி யார்கிட்டன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"சாவியா? அதுல எங்க பூட்டு இருக்கு?"

"பட்டை பேச்ச வடிகட்டுதுல்ல, அந்த வழிகாட்டல மாத்துற உரிமையத்தான் சாவின்னு சொல்லுவோம். இப்ப அது உங்க ரெண்டு பேர் போன்லயும் இருக்கு. ஒண்ணு, பதினெட்டு வயசு வரை உங்ககிட்டயே இருக்கட்டும்னு எழுதலாம். இல்லன்னா இப்பவே அவகிட்டக் குடுத்திரலாம்."

"பத்து வயசுப் பிள்ளகிட்டயா?" பியூலா சிரித்தாள். "வீட்டுச் சாவியவே நாங்க குடுக்கல."

நஸ்ரின் சிரிக்கவில்லை. "அக்கா, நாம மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சாக்கூட தொண்டை நரம்பு லேசாத் துடிக்கும். பட்டை அதத்தான் படிக்குது. எது வெளிய சொல்ல நெனச்சது, எது உள்ளுக்குள்ள நெனச்சதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. அதுக்காகத்தான் வழிகாட்டல் வச்சாங்க. நல்ல பேச்சுன்னா சரிபண்ணி வெளிய விடும். மரியாதைக் குறைவா இருந்தா முழுசா நிறுத்தி, உங்க ரெண்டு பேர் போனுக்கும் பொதுவான பட்டியல்ல எடுத்து வச்சிரும். ஆனா அது சின்னப் பிள்ளைங்களுக்கு வச்சது, நடவண்டி மாதிரி. நீங்க மூணு வருஷமா கடைசிப் படியிலயே வச்சிருக்கீங்க."

"ஏன் வச்சேன்னு உங்களுக்குத் தெரியாது."

"ஏட்டி, அத ஏன் இப்ப," என்றார் தவசிங்.

"சொல்லுதேன், அவங்களும் தெரிஞ்சிக்கிடட்டும். பட்டை போட்ட பத்தாம் நாளு. எங்க கோயில்ல அசனச் சாப்பாடு. எண்ணூறு பேருக்கு இலை போட்டாச்சு. போதகரு கண்ண மூடி ஜெபம் பண்ணுதாரு. எல்லாரும் தலையக் குனிஞ்சு இருக்கோம். இவ பட்டை சத்தமாச் சொல்லுது: 'இவரு எப்ப ஆமென் சொல்லுவாரு? சோறு ஆறிப்போவுது. போதகரம்மாவே கொட்டாவி விடுதா.'"

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா போதகரு உடனே ஆமென் சொல்லிட்டாரு," என்றார் தவசிங். "அன்னைக்கு ஊரே சூடாச் சாப்பிட்டுது. நாலு பேரு எனக்குக் கைகுடுத்தாங்க."

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு." பியூலாவின் குரல் இறங்கியது. "ஆறு வருஷம், பேச வராத பிள்ளைன்னு எத்தன பேரு மூஞ்சியத் திருப்பினாங்க. பேச வந்த பெறகு வாய்க்கொழுப்புன்னு ஒருத்தரும் திருப்பிறப்பிடாதுன்னுதான் வச்சேன். சபைக்காக வைக்கல, அவளுக்காக வச்சேன்."

"தப்புன்னு சொல்லலக்கா. நாம பேச்ச அடக்கணும்னா நாக்கக் கடிச்சுக்கிறோம். அவ தொண்டைய அசைக்காம நெனைக்கப் பழகணும். பழகிட்டாளான்னு திறந்து பாத்தாத்தான் தெரியும். எப்பவாவது ஒருநாள் திறந்து பாத்தீங்களா?"

பியூலா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன். சாவி அவகிட்டப் போனா, இதுவரை நிறுத்தி வச்ச பேச்சும் அவளோட போயிரும். பெத்தவங்க பாக்க முடியாது." நஸ்ரின் தவசிங்கைப் பார்த்துச் சிரித்தாள். "அதுல அண்ணனுக்குத்தான் கஷ்டம். தினமும் ரெண்டு தடவையாவது திறந்து படிச்சிருக்காங்க. உங்க போன்ல இருந்து ஒரு தடவைகூட இல்லக்கா."

தவசிங் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சிருக்காங்களா?" என்றாள் பியூலா.

நஸ்ரினுக்குத் தான் எதையோ உடைத்துவிட்டது புரிந்தது. "அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேன்..."

"மொத நாளே நீங்கதான சொன்னீங்க? படிக்க உரிமை உண்டு, ஆனா கதவு மறைவுல நின்னு ஒட்டுக்கேக்குற மாதிரின்னு. அன்னைக்கு ரெண்டு பேரும்தான தலையாட்டுனோம்?" என்றாள் பியூலா.

ஆட்டோவில் பிள்ளை நடுவில் உட்கார்ந்திருந்ததால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கடற்கரைப் பூங்கா வந்ததும் பியூலா நிறுத்தச் சொன்னாள். ஜெமிமா ஊஞ்சலுக்கு ஓடினாள். அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு கிடைத்தது.

"எத்தன நாளா?"

"நீ பூட்டுன மொத வாரத்துல இருந்து."

"மூணு வருஷமா! எம் பிள்ள நெஞ்சுக்குள்ள நெனைக்கிறத எல்லாம்..."

"ஏட்டி, நான் கெட்டதுக்குப் படிக்கல. கிரேன் ரூம்ல எட்டு மணி நேரம் திரையப் பாத்துக்கிட்டு ஒத்தையில இருக்கேன். ஒருநாள் சும்மா தொறந்தேன். பெறகு விட முடியல."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"வேண்டாம். நீ சங்கடப்படுவ."

"ஒண்ணு வாசிங்க. ஒண்ணே ஒண்ணு. பெறகு கேக்க மாட்டேன்."

தவசிங் போனை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "இன்னைக்குக் காலைல வந்தது. 'சனியனே, இந்த உப்புமாவ வச்சு மதில் கட்டலாம். நீங்க ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டதப் பாத்தா எனக்கு அழுகை வருது.'"

பியூலா சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இது ஜெமியா?"

"ஜெமிதான்."

"இவ்வளவு குசும்பா அவளுக்கு?"

"இது என்ன! வாக்குவம் கிளீனர் வாங்குன அன்னைக்கு நீ அதத் தொடச்சு வச்சதப் பத்தி ஒண்ணு..."

"எங்கிட்ட 'நன்றி அம்மா, மகிழ்ச்சி அம்மா'ன்னே சொல்லுதா. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. வார்டுல மத்த நர்ஸுங்க, அவங்கவங்க பிள்ளைங்க எதுத்துப் பேசுதுன்னு பொலம்பும்போது, எம் பிள்ள அப்படி இல்லன்னு நான் பெருமையாச் சொல்லுவேன்." அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். "எனக்குக் கெடைச்சது அந்த மிஷினு வளத்த பிள்ள. எம் பிள்ள உங்களுக்குத்தான் கெடைச்சிருக்கா."

தவசிங் போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்.

"சனிக்கிழமை என்ன எழுதப்போறோம்?" என்றாள் பியூலா.

"நம்மகிட்டயே இருக்கட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா சொல்லுதீங்க? வண்டியப் பூட்டக்கூடாது, பிள்ளையப் பூட்டக்கூடாதுன்னு நாள்முழுக்கப் பேசுற ஆளு!"

"சின்னப் பிள்ளதான. இன்னும் கொஞ்ச நாளு..."

"இல்ல. எனக்குப் புரியுது. சாவியக் குடுத்தா உங்களுக்குப் படிக்க ஒண்ணும் வராது. அதாம்."

அவர் மறுக்கவில்லை. கிரேன் ரூமில் இனி காலையும் மாலையும் எப்படிப் போகும் என்று அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்து பூட்டுனேன். நீங்க ஆசைக்குப் பூட்டச் சொல்லுதீங்க," என்றாள் பியூலா. "ரெண்டுல எது மோசம்னு எனக்குத் தெரியல. மொதல்ல அவகிட்டச் சொல்லிருங்க. நீங்க படிச்சத நீங்கதான் சொல்லணும்."

"இப்பவா?"

"இப்பவே. ஜெமீ! இங்க வா மக்கா!"

ஜெமிமா மூச்சிரைக்க ஓடிவந்து அப்பாவின் மடியில் பாதியும் பெஞ்சில் பாதியுமாக உட்கார்ந்தாள். இருபது டன் கன்டெய்னரைத் திரையைப் பார்த்தே நூல் பிடித்தாற்போல இறக்கிவைக்கிற மனிதருக்கு ஒரு வாக்கியத்தை இறக்கிவைக்க முடியவில்லை.

"ஏட்டி... பட்டை நிறுத்தி வைக்கும் பாரு, நீ சொல்றதுல சிலது. வெளிய வராது."

ஜெமிமா தலையாட்டினாள்.

"அத... அத அப்பா படிச்சேன். ஒன்கிட்டக் கேக்காம. ரொம்ப நாளா. தப்புத்தான்."

ஜெமிமா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். தொண்டை லேசாக அசைந்தது. பட்டை தெளிவாகச் சொன்னது: "பரவாயில்லை அப்பா. என் நன்மைக்காகவே செய்தீர்கள்."

அடுத்த கணம், பெஞ்சில் கிடந்த போன் அதிர்ந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிள்ளை உண்மையில் நினைத்தது அதற்குள் இருந்தது. தவசிங்கின் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். பியூலா தன் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். மூன்று வருடமாகத் திறக்காத பக்கம். கடவுச்சொல் கேட்டது. இரண்டு முறை தப்பாகப் போட்டாள். மூன்றாவது முறை திறந்தது. பட்டையின் படம், அதற்குக் கீழே ஒரு அளவுகோல், குறி வலது ஓரத்தில் இருந்தது. அவள் விரலை வைத்து, இடது ஓரம் வரை மெல்ல இழுத்தாள்.

"ஏட்டி பியூலா, சுத்தி ஆளு இருக்காங்க," என்றார் தவசிங்.

"இருக்கட்டும்." அவள் மகளிடம் குனிந்தாள். "ஜெமி, இப்ப ஒண்ணும் இல்ல. நீ நெனைக்கிறது அப்படியே வரும். என்ன வேணும்னாலும் சொல்லு. அம்மா கோவப்பட மாட்டேன்."

அவர்கள் காத்திருந்தார்கள். ஒரு சுண்டல்காரர் கடந்து போனார். ஊஞ்சலில் வேறொரு பிள்ளை ஏறி ஆடத் தொடங்கியது. பட்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"வேல செய்யுதா அது?" என்று தவசிங் குனிந்து பார்த்தார்.

"செய்யுது," என்றது பட்டை. "நான்தான் சொல்லாம இருக்கேன்."

அதே குரல்தான். ஆனால் ஸ்டேஷன் அறிவிப்பு போய், பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"ஒனக்கு அடக்கத் தெரியுமா?"

"ஏழு வயசுலயே தெரியும்."

"அப்ப ஏன் அந்தத் திட்டெல்லாம்? அப்பாவுக்கு வந்ததெல்லாம்?"

"அது திட்டு இல்ல." ஜெமிமா அப்பாவின் மடியிலிருந்து இறங்கி எதிரே நின்றாள். "சும்மா சொன்னா பட்டை அத நல்ல பேச்சா மாத்தி வெளிய விட்டுரும். கெட்ட வார்த்தை ஒண்ணு போட்டு ஆரம்பிச்சா மாத்தாது, அப்படியே எடுத்து வச்சிரும். காலைல நான் ஏதாவது நெனைப்பேன். சாயந்திரம் அப்பா அத நெனச்சுச் சிரிச்சிட்டே வருவாங்க. அப்பத்தான் படிக்காங்கன்னு கண்டுபிடிச்சேன். பெறகு வேணும்னேதான் அனுப்புனேன். 'சனியனே'ன்னு போட்டா அப்பாவுக்கு. பால்காரம்மா மாட்டத் திட்டுததுல இருந்து எடுத்தேன்."

தவசிங் வாயைத் திறந்தபடி இருந்தார். "எனக்கு அனுப்புனியா? எனக்கேவா?"

"பின்ன? மாட்டுக்கா?"

அவர் சிரிக்கப் போனார். அதற்குள் பியூலா கேட்டுவிட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் அனுப்பத் தோணலையாட்டி?"

ஜெமிமா அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். "ஒனக்குத்தான் நெறைய அனுப்புனேன். 'மூதேவி'ன்னு போட்டது எல்லாம் ஒனக்கு. நீ சிரிக்கவே இல்ல. படிச்சிட்டுக் கோவமா இருக்கன்னு நெனச்சேன். அப்பவும் அனுப்பிட்டேதான் இருந்தேன்."

"நான் தொறக்கவே இல்ல மக்கா. தொறக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு..." சொல்லிக்கொண்டே பியூலா தன் போனில் அந்தப் பட்டியலைத் திறந்தாள். விரல் மேலும் கீழும் போனது. சனியனே, சனியனே, சனியனே. தேதி தேதியாக அது மட்டும்தான் இருந்தது. "மூதேவின்னு ஒண்ணுகூட இல்லையே."

யாரும் தவசிங்கைக் கேட்கவில்லை. அவர்தான் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"என்னங்க?"

"அழிச்சிட்டேன்."

"எத?"

"அந்த வார்த்தையில ஆரம்பிக்கறத எல்லாம்." கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னத் திட்டுனா போவுதுன்னு விட்டுட்டேன். ஒன்னத் திட்டுதான்னு நெனச்சேன். என்னைக்காவது நீ தொறந்து பாத்தா தாங்க மாட்டன்னு, மொத வார்த்தையப் பாத்ததும் அழிச்சிருவேன். உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல பியூலா. சத்தியமா ஒண்ணுகூடப் படிக்கல. அது ஒன்னோடதுன்னுதான் படிக்கல."

கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. பியூலா மணலைப் பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யார்மேல் என்று தெரியவில்லை. கணவர் அவளுக்காக அழித்திருந்தார். அவள் மகளுக்காகத் திறக்காமல் இருந்தாள். மகள் இரண்டு பேருக்குமாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எப்பா," என்றாள் ஜெமிமா. "நீங்க ஒரு கோட்டிக்காரப்பா."

"ஆமா மக்கா," என்றார் அவர். கையை எடுக்கவில்லை.

ஜெமிமா அவர் கையைப் பிடித்து இழுத்து முகத்திலிருந்து பிரித்தாள். பிறகு அம்மா பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?" என்று பியூலா கேட்டாள். "ஒரே ஒண்ணு?"

ஜெமிமா யோசித்தாள். பட்டை அமைதியாக இருந்தது. யோசிப்பது வெளியே வராமல் யோசிக்கத் தெரிந்த பிள்ளை.

"மறந்துட்டும்மா. அப்பப்பத் தோணுனதுதான. பழசு எதுக்கு?"

பியூலா தலையாட்டினாள். அன்று வீட்டுக்குப் போனபிறகும் அந்த அளவுகோலை யாரும் திருப்பி நகர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மாமியிடம் ஜெமிமா, "உங்க பேரன் பாட்டு எனக்குப் பிடிக்கல," என்று சொல்லி, மாமி ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பியூலா போய் மகளை மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். "பாட்டுதான் பிடிக்கல, அவனப் பிடிக்கும்," என்று மகள் கேட்டுவிட்டு வந்தாள். மன்னிப்பு என்று ஒன்று அவள் வாழ்க்கையில் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டுக் குப்புறப் படுத்து அழுதாள். பியூலா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நர்ஸாக இருந்தும் இதற்கு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை புதுச் சட்டை, இரட்டைச் சடை, ரிப்பன் எல்லாம் கட்டி, மூன்று பேரும் நிலையத்துக்கு ஆட்டோ ஏறினார்கள். படிவத்தில் பியூலாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. தவசிங்கின் கையெழுத்தும் அதன் கீழே இருந்தது. சாவி யாரிடம் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் ஜெமிமா என்று எழுதியிருந்தது. பழைய பேச்சுப் பட்டியலைத் திறக்கும் வழியைத் தவசிங் முந்தின நாளே தன் போனிலிருந்து எடுத்துவிட்டார். யாரும் சொல்லாமலே.

மேம்பாலம் ஏறும்போது, ஆட்டோ இரைச்சலையும் மீறிப் பட்டை சத்தமாகச் சொன்னது:

"மூதேவி, சடைய இப்படியா இறுக்குவ? மூணு வருஷமா மண்டை வலிக்கி."

ஆட்டோக்காரர் திரும்பியே பார்த்துவிட்டார். அறுபது வயது இருக்கும். "என்ன பிள்ளைம்மா இது? பெத்த தாய மூதேவிங்கு! நீங்களும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க! நாலு போடு போட வேண்டாமா?"

"அண்ணாச்சி, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள் பியூலா. "அது எனக்கு வந்த கடுதாசி."

அவள் மகளைத் திருப்பி உட்காரவைத்து, ரிப்பனை இழுத்து அவிழ்த்து, ஓடுகிற ஆட்டோவிலேயே பின்னலை விரலால் தளர்த்தத் தொடங்கினாள்.

"ம், சொல்லுட்டி. அப்புறம்?"